மரையும் மொடரேட்டரும்

பிள்ளைகளே, போன கிழமை நீங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் சண்டை பிடித்தீர்கள். அப்பா நான் வேட்டைக்குப் போகும்போது துவக்கின் முனையில் பூட்டுகிற கறுப்புக் குழாய்க்கு என்ன பெயர் என்பதுதான் சண்டை. மூத்தவள் 'சைலன்சர்' என்றாள். இளையவன் 'மொடரேட்டர்' என்றான். அம்மா சோற்றுக் கரண்டியோடு திரும்பி, "மொடரேட்டர் நான். அது வெறும் பைப்" என்றார். நானும் அம்மாவும் சிரித்தோம். உங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இதில் எழுதி வைக்கிறேன். நான் அதிகம் படித்தவனல்ல. நடந்ததை நடந்த ஒழுங்கில்தான் எழுதத் தெரியும்.

நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். நாங்கள் லண்டனில், ஹவுன்ஸ்லோவில் இருந்தோம். எனக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கார்கோ ஷெட்டில் வேலை. என்னோடு அதே ஷிப்டில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார், என்னிலும் பத்து வயது மூத்தவர். லீவு நாட்களில் சரே பக்கத்துப் பண்ணைகளில் மான் சுடுவார். இந்த நாட்டில் மானைத் தின்னப் புலியுமில்லை, ஓநாயுமில்லை. அவை பெருகி, நட்ட மரங்களின் பட்டையை எல்லாம் உரித்துத் தின்றுவிடும். அதனால் பண்ணைக்காரர்கள் லைசென்ஸ் உள்ளவர்களைக் கூப்பிட்டு அளவோடு சுடச் சொல்வார்கள். ஒரு நாள் அவர் ஒரு மான் தொடையைக் கொண்டுவந்து தந்தார். அம்மா வறுத்த தூள் போட்டு, பிரட்டலாக வைத்தார். சோற்றைக் கண்டால் மேசைக்குக் கீழே ஒளிக்கிற மூத்தவள் அன்று இரண்டாம் முறை கோப்பையை நீட்டினாள். அதை நான் மறக்கவில்லை.

பிறகு அவர் என்னையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார். ஈரப் புல்லில் இரண்டு மணித்தியாலம் அசையாமல் கிடந்தோம். மான் வரவே இல்லை. ஆனால் ஷெட்டில் எட்டு மணித்தியாலம் இரைச்சல் கேட்ட காதுக்கு அந்த அமைதி மருந்துபோல இருந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"இஞ்சாரும், நானும் லைசென்ஸ் எடுத்து வேட்டைக்குப் போகப் போறன்."

"துவக்கோடையோ?"

"பின்னை, கல்லெறிஞ்சே மான் பிடிக்கிறது?"

அம்மா சிரிக்கவில்லை. உங்களுக்குத் தெரியும், நவம்பரில் அக்கம்பக்கத்தார் வாணம் விடுகிற கிழமை அம்மா கர்ட்டினை எல்லாம் இழுத்து மூடி டிவியைப் பலமாகப் போட்டுவிடுவார். சின்ன வயதில், யுத்தத்துக்குள், வெடிச்சத்தம் கேட்டால் பங்கர்க் குழிக்குள் ஓட வேண்டிய ஊரில் வளர்ந்தவர் அவர். நானும்தான். ஆனால் நான் முந்தியே வெளிக்கிட்டுவிட்டேன். அம்மா கடைசிவரை அங்கே நின்றவர்.

கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவிவிட்டு அம்மா சொன்னார்:

"இறைச்சிக்கு நான் எதிரியில்லை. சத்தத்துக்குத்தான். துவக்கு வீட்டை வர முதல் ஒருக்கா எனக்குக் கேக்கச் சுட்டுக் காட்டுங்கோ. என்னாலை தாங்க ஏலுமெண்டால் வரட்டும். ஏலாட்டி கடையிலையே விட்டிட்டு வாங்கோ. பிறகு அந்தக் கதையே வேண்டாம்."

நான் சரி என்றேன். உடனே என் மனதில் வந்தது சைலன்சர்தான். படங்களில் பார்த்திருக்கிறேன், 'புஸ்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதை ஒன்று வாங்கிப் பூட்டினால் அலுவல் முடிந்தது என்று நினைத்தேன்.

லைசென்ஸுக்கு எழுதிப் போட்ட சில மாதங்களில் பொலிஸிலிருந்து ஒரு அம்மையார் வீட்டைப் பார்க்க வந்தார். கையில் தடித்த ஃபைல். இரும்பு அலமாரி எங்கே பூட்டப் போகிறீர்கள், சுவர் உறுதியா, எந்தப் பண்ணையில் சுட அனுமதி என்று எல்லாம் கேட்டு எழுதினார். அலமாரிச் சாவி எங்கே இருக்கிறதென்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியக் கூடாது, மனைவிக்கும் தெரியக் கூடாது என்றார். அம்மா தேத்தண்ணியையும் ரோல்ஸையும் கொண்டுவந்து வைத்தபடி என்னிடம் தமிழில், "இந்த வீட்டிலை எனக்குத் தெரியாமல் ஒரு சாமான் இருக்குமோ? பாவம் மனிசி, சொல்லிப்போட்டுப் போகட்டும்" என்றுவிட்டுக் குசினிக்குள் போனார்.

அப்போதுதான் அந்த அம்மையார் ஆங்கிலத்தில் கேட்டார்: "மொடரேட்டர் பற்றி யோசித்தீர்களா?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அம்மா ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ரீச்சர். ஆண்டிறுதிப் பரீட்சைக்கு மற்ற ரீச்சர்மார் திருத்திய பேப்பர்களைத் திரும்பப் பார்த்து, புள்ளி சரியா பிழையா என்று முடிவு சொல்கிறவர் அம்மா. அந்த வேலைக்குப் பெயர் மொடரேட்டர். எனக்குத் தெரிந்த ஒரே மொடரேட்டர் அதுதான். இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்கிறவனைக் கவனிக்கவும் அப்படி ஒரு ஆள் வேண்டும் போலும் என்று நினைத்துக்கொண்டேன். நல்ல சட்டம் என்றும் நினைத்தேன்.

"ஏற்கனவே இருக்கிறார். என் மனைவிதான்" என்றேன்.

அம்மையார் நிமிர்ந்து பார்த்தார். "மன்னிக்க வேண்டும்?"

"என் மனைவி. கனகாலம் செய்கிறவர். மிகவும் கண்டிப்பு."

அவர் என் ஆங்கிலத்தைத் தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு, "சரி. ஆனால் மொடரேட்டரையும் துவக்கோடு சேர்த்து அலமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டும். அது தெரியும்தானே?" என்றார்.

நான் குசினியைப் பார்த்தேன். அலமாரியின் அளவை நினைத்துப் பார்த்தேன். "பூட்டியா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடித்து, இங்கே துவக்குச் சைலன்சருக்குத்தான் மொடரேட்டர் என்று பெயர், அதற்கும் லைசென்ஸில் தனியாக எழுத வேண்டும் என்று விளக்கினார். அம்மா ஓடிவந்து என்ன என்று கேட்டார். நான் சொன்னேன்.

"என்னைப் பூட்டுறதுக்கு ஒரு அலமாரி இன்னும் செய்யேல்லை எண்டு சொல்லுங்கோ" என்றார் அம்மா.

லைசென்ஸ் வந்தது. ஒரு பழைய துவக்கு வாங்கினேன். அம்மாவின் முடிவு வரும்வரை கடைக்காரர் அதைத் தன் கடையிலேயே வைத்திருக்கச் சம்மதித்தார். வெள்ளைத் தாடி வைத்த சின்ன மனிதர். நான் சைலன்சர் என்றதும் அவர் கையை உயர்த்தினார்.

"முதலில் ஒன்று சொல்கிறேன். சத்தமே இல்லாமல் போகாது. சரியா?"

துவக்கில் இரண்டு சத்தம் இருக்கிறது, பிள்ளைகளே. தோட்டாவுக்குப் பின்னால் வருகிற சூடான வாயு, குழல் வாயிலிருந்து ஒரேயடியாகப் பாய்கிறது. அது ஒரு சத்தம். மொடரேட்டருக்குள் சின்னச் சின்ன அறைகள் உண்டு. வாயு அதற்குள் சுற்றி, களைத்து, மெதுவாக வெளியே வரும். ஆனால் தோட்டா சத்தத்தைவிட வேகமாகப் போகிறது. அது காற்றைக் கிழிக்கிற சத்தம் சவுக்கு அடித்ததுபோலக் கேட்கும். அதை எந்தக் குழாயாலும் நிறுத்த ஏலாது. சுடுகிறவன் காதுக்கு மூடியும் போடத்தான் வேண்டும். இதையெல்லாம் அவர்தான் விளக்கினார். 'புஸ்' என்ற சத்தத்தை நம்பித்தானே அம்மாவிடம் சரி என்றிருந்தேன்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று அலுமினியம், நீளத்தில் கட்டை, பார்க்க வடிவு. ஒன்று டைட்டானியம், நீளம், ஆனால் பாரமே இல்லை. மூன்றாவது உருக்கு. குழலுக்கு மேலாகப் பின்னுக்கும் ஏறி உட்காருகிற தடித்த குழாய். சைக்கிள் பம்ப் போல அவலட்சணம். நான் கட்டையை எடுத்துத் தடவிப் பார்த்தேன். ஆனால் அதைப் பூட்டப் போனால் பூட்டுப்படவில்லை. என் துவக்கு பழையது, மரை வேறு அளவு. நான் உடனே அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"இஞ்சாரும், மரை சரிவரேல்லை."

"மரையோ? மான் எண்டல்லோ சொன்னனீங்கள்?"

மரை என்றால் எங்கள் ஊர்க் காடுகளில் திரிகிற பெரிய மிருகம், மானைவிடப் பெரிது. ஆணியில் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிற கோட்டுக்கும் அதே பெயர்தான். அம்மா மிருகத்தை நினைக்கிறார் என்று எனக்கு அப்போது ஓடவில்லை.

"இல்லையப்பா, மரை சின்னன். பைப்பிலை பூட்டுப்படேல்லை."

"ஐயோ, குட்டி மரையே? அதை ஏன் பைப்பிலை பூட்டுறியள்? பாவம், விடுங்கோ அதை!"

"நான் கடையிலை நிக்கிறன்! நட்டு போல்ட்டிலை இருக்கிற மரை! ஆணி மரை!"

நான் கத்தியதில் கடையில் நின்ற இருவர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஆற அமரச் சொன்னார்: "எனக்கெண்டால் உங்கடை மரைதான் கழண்டு போச்செண்டு படுது."

கடைக்காரர் என் துவக்கின் மரையை அளந்து எழுதிக்கொண்டார். ஒரு ஞாயிறு காலை வாடிக்கையாளர்களுக்காகச் சுடும் இடம் ஒன்றை எடுத்திருக்கிறார், அங்கே என் துவக்கையும் அதன் அளவில் மூன்று மொடரேட்டரையும் கொண்டுவருகிறார், மனைவியையும் கூட்டி வரலாம் என்றார்.

அந்த ஞாயிறு உங்களை ஹரோவில் மாமி வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். கார் நிறுத்துகிற இடம் சுடும் இடத்துக்கு நன்றாகப் பின்னால் இருந்தது. அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. மடியில் தமிழ் வகுப்புக் கொப்பி, கையில் சிவப்புப் பேனை. கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தார்.

"காதுக்கு மூடி தரட்டே?" என்றேன்.

"காதைப் பொத்திக்கொண்டு எப்பிடிப் புள்ளி போடுறது?"

திடுக்கிடாமல் இருக்க ஒரு ஒழுங்கு செய்திருந்தோம். மான் தொடை தந்த என் ஷிப்ட் நண்பர் இடையில் நிற்பார். நான் சுடுவதற்கு முன் அவர் தொப்பியைக் கழற்றி உயர்த்துவார். அம்மா அதைப் பார்த்துத் தயாராவார். அவர் ஒருமுறை கழற்றி ஒத்திகையும் காட்டினார்.

நான் போய்ப் படுத்து முதல் மொடரேட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அப்போது வரிசையின் மறுகரையில் யாரோ ஒருவர், மொடரேட்டரே இல்லாத துவக்கால் சுட்டார். தொப்பி உயரவில்லை. காதுமூடிக்குள்ளும் அது என் நெஞ்சில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கார்க் கண்ணாடியில் அம்மாவின் தலை இல்லை.

துவக்கை வைத்துவிட்டு, பொறுப்பானவரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். அம்மா இருக்கைக்குக் கீழே குனிந்து சுருண்டிருந்தார். கதவைத் திறந்ததும் மெதுவாக நிமிர்ந்தார். முகம் வெளிறியிருந்தது. கையில் சிவப்புப் பேனை.

"பேனை விழுந்திட்டுது" என்றார்.

நான் கையை நீட்டினேன். "வாரும், வீட்டை போவம். கடைக்காரரிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்."

"ஏன்? அது உங்கடை துவக்கோ?"

"இல்லை. அது ஆரோ அந்தக் கரையிலை..."

அம்மா தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு கொப்பியை விரித்தார். குரல் வகுப்புக் குரல்.

"ஆரின்ரையோ பேப்பரைப் பாத்துப்போட்டு உங்களை ஃபெயில் விடுறதே? அது நியாயமில்லை. போய்ச் சுடுங்கோ. அந்தத் தொப்பிக்காரரிட்டையும் சொல்லுங்கோ, வடிவா உயத்தட்டாம். ஒத்திகையிலை எனக்கு அவரின்ரை மொட்டை மட்டும்தான் தெரிஞ்சது."

நான் போய்ச் சுட்டேன். ஒவ்வொரு மொடரேட்டரிலும் மூன்று வெடி. ஒவ்வொரு முறையும் தொப்பி வானத்துக்கு உயர்ந்தது. முடித்துவிட்டு, பரீட்சை எழுதின பிள்ளைபோலக் கார்க் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அம்மா கொப்பியைத் திருப்பிக் காட்டினார். எனக்குப் பிடித்த கட்டைக்கு முப்பத்தெட்டு: 'காதுக்குள் குத்துகிறது.' டைட்டானியத்துக்கு அறுபத்தொன்று: 'பரவாயில்லை.' சைக்கிள் பம்புக்கு எழுபது. அதற்குப் பக்கத்தில், 'கதவு அடித்ததுபோல. நெஞ்சில் விழவில்லை' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

"அப்ப பாஸோ?"

"பாஸ். துவக்கு வீட்டை வரட்டும்."

எனக்கு இன்னும் ஆசை விடவில்லை. "டைட்டானியமும் பாஸ்தானே? பம்ப் சரியான பாரம், மேட்டிலை தூக்கிக் காவ வேணும்..."

"காவுறது நீங்கள். கேக்கிறது நான்" என்றார் அம்மா. கடைக்காரருக்கு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் பம்பைப் பெட்டியில் வைத்துக் கட்டினார்.

அதுதான் நீங்கள் சண்டை பிடித்த குழாய். உருக்கு என்றபடியால் வேட்டை முடிந்து வந்ததும் கழற்றித் துடைத்து ஈரம் போகக் காயவைக்கிறேன். இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடித்துவிடும். காயும்வரை பக்கத்திலேயே இருந்துவிட்டு, பிறகு அலமாரிக்குள் வைத்துப் பூட்டுவேன்.

முதல் மான் கிடைத்த நாள் அம்மாவும் வந்தார். பண்ணை வாசலில் காருக்குள் ஃபிளாஸ்கோடு இருந்தார். ஒரே ஒரு வெடி. மானுக்குப் பக்கத்தில் போய் நிற்கும்போது ஃபோனில் ஒரு செய்தி வந்தது: '72.' வேறு ஒரு சொல்லும் இல்லை. அன்று பின்னேரம் குசினியில் இறைச்சி வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"எல்லாம் சரி, மிச்ச இருபத்தெட்டுக்கு என்ன பிழை விட்டனான்?"

"மொடரேட்டரிட்டைக் கேள்வி கேக்கிறேல்லை" என்றார் அம்மா. "வெங்காயத்தை உரியுங்கோ."