ஃபேனில் கட்டிய கிறிஸ்துமஸ்

ஆவடி வீட்டில் கிறிஸ்துமஸுக்கு அம்மா மரம் கேட்டாள். "மரம் இன்னாத்துக்கு? கலர் பேப்பரே போதும்" என்றார் அப்பா. கூடத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் காகிதச் சரங்களை இழுத்து, கூரையின் நடுவில் முடிச்சுப் போட வேண்டும். நடுவில் இருந்தது சீலிங் ஃபேன். அதிலேயே கட்டிவிட்டார். "இந்தக் குளிர்ல எவன் ஃபேன் போடப் போறான்?" என்று எங்கள் வாயையும் அடைத்தார்.

வீடு மந்திரிக்க வெள்ளானூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த பாதருக்கு வேர்த்துக் கொட்டியது. உபசரிக்கும் பரபரப்பில் அப்பாவே ஓடிப்போய் சுவிட்சைப் போட்டார். சரங்கள் நான்கு மூலைகளையும் பிய்த்துக்கொண்டு சுழன்று பாதர் மேல் விழுந்தன. தலையிலிருந்து கால்வரை சிவப்பு, பச்சை, ஜிகினா.

அம்மா என் காதில் சொன்னாள்: "கேட்ட மரம் வந்துட்சுடி."