லவால் கடையில் தைத்த சீட் உறை

இந்தப் பனி நாட்டுக்கு வந்து பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கியபோது கராஜ் எனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்தேன். ஒரு மேசை, ஒரு தையல் மெஷின் வைக்க மனதுக்குள் மூலைகூடப் பிடித்து வைத்திருந்தேன். குடிபுகுந்த இரண்டாவது மாதம் என் கணவர் ஒரு லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து அங்கே இறக்கியது அறுபத்தெட்டாம் ஆண்டு மஸ்டாங் கார் ஒன்றை. உள்ளே குனிந்து பார்த்தால் துருப்பிடித்த தகட்டின் ஓட்டை வழியே சீமெந்துத் தரை தெரிந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. ஊரில் வாடகைக்கு ஏ-ஃபோர்ட்டி கார் ஓடிய மனிதர், துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக் களைத்து வருபவர், அந்த இரும்புக் குப்பையைப் பார்த்த பார்வையில் ஒருநாளாவது என்னைப் பார்த்திருப்பாரா என்றால், இல்லை. எனக்கு அந்தக் காரில் முதல் நாளே எரிச்சல்.

மூன்று வருடம் அதோடுதான் கிடந்தார். வேலை தெரிந்தவர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டினார். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, எங்கேயோ இடிபட்டுக் கிடந்த காரிலிருந்து பெரிய எட்டுச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை எடுத்து இதற்குள் இறக்கினார். முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக் போட்டார். முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோது சமையலறை அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்கின. பனிக்காலத்தில் அதன்மேல் நல்ல கம்பளிப் போர்வையாகப் பார்த்து மூடிவிடுவார். நான் காலை ஐந்தரைக்கு, மூக்குக்குள்ளே உறைகிற குளிரில், தையல் பக்டரிக்குப் போக பஸ் தரிப்பில் நிற்பேன். எங்களுடைய மற்றச் சின்னக் கார் அவரோடு துறைமுகத்துக்குப் போய்விடும்.

கடைசியில் மிஞ்சியது சீட்.

“இஞ்சேரும், உம்மாலை இதைத் தைக்க ஏலுமே?” என்று கேட்டார். மூன்று வருடத்தில் அந்தக் காரைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் அப்படியே உருகிப்போனேன். இப்போது நினைத்தால் அவரைவிட என்மேல்தான் கூடுதலாகக் கோபம் வருகிறது.

பக்டரியில் கழித்துவிட்ட தடித்த துணி தைக்கும் மெஷின் ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கி, நிலவறையில் வைத்தேன். எலி தின்ற பழைய உறைகளைத் தையல் தையலாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் பின்னாலும் சோக்கால் இலக்கம் போட்டு, அதை அளவாக வைத்துக் தோல்போன்ற கறுப்பு வைனிலில் வெட்டினேன். சாதாரணத் துணியில் பிழையாகத் தைத்தால் பிரித்து, தண்ணீர் தெளித்து அயர்ன் பிடித்தால் துளை மறைந்துவிடும். வைனிலில் ஊசி போனால் போனதுதான். அந்தத் துளை சாகும்வரை இருக்கும். அதனால் ஒவ்வொரு தையலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். நடுவில் பத்து மடிப்பு, ஓரத்தில் வெள்ளை நூலில் இரட்டைத் தையல். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு நீளமாய் ஒன்று. ஒரு பனிக்காலம் முழுக்க, பக்டரியில் எட்டு மணித்தியாலம் தைத்துவிட்டு வந்து தைத்தேன். குறடு பிடித்து வளையக் கம்பிகளை நெரித்து உறையைச் சட்டத்தோடு பூட்டியதும் நான்தான்.

அவர் உட்கார்ந்து பார்த்தார். கையால் தடவினார். “பரவாயில்லை” என்றார்.

கோடை வந்தது. ஞாயிறு காலைகளில் ஒரு டோனட் கடையின் கார் தரிப்பிடத்தில் பழைய கார்க்காரர்கள் கூடுவார்கள். இவரும் போகத் தொடங்கினார். நானும் வாறன் என்றதற்கு, “அங்கை பொம்பிளையள் வாறேல்லை” என்றார். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆவணி மாதம் ஒருநாள் ரெலிபோன் அடித்தது. அந்தக் கூட்டத்துக்குப் போகிற இன்னொரு யாழ்ப்பாணத்துப் பொடியன். அவனும் ஒரு பழைய காரைத் திருத்திக்கொண்டிருந்தான்.

“அக்கா, அண்ணை நிக்கிறாரே?”

“வேலைக்குப் போட்டார். என்ன தம்பி?”

“ஒண்டுமில்லை அக்கா, அந்த லவால் கடையின்ரை அட்ரஸ்தான். மூண்டு ஞாயிறாக் கேக்கிறன், அண்ணை பேந்து தாறன், பேந்து தாறன் எண்டு இழுக்கிறார்.”

“என்ன கடை?”

“சீட் தைச்ச கடை அக்கா. லவாலிலை ஒரு பெரிய கடைக்காரன்தான் தைச்சவனெண்டு எல்லாருக்கும் சொன்னவர். வெள்ளைக்காரரெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பாக்கிறாங்கள்.”

கேட்டுச் சொல்லுறன் என்று ரிசீவரை வைத்தேன். உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. அவர் தானே தைத்ததாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கட்டிய மனைவி தைத்தாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, இல்லாத ஒருவனைப் படைத்து, என் வேலையைத் தூக்கி அவன் கையில் கொடுத்திருக்கிறார். இருங்கோ, உங்களுக்கு வைக்கிறன் என்று கறுவிக்கொண்டேன்.

சண்டை பிடிக்கவில்லை. புரட்டாதிக் கடைசி ஞாயிறு, கார்களைப் பனிக்காலத்துக்கு மூடிவைக்க முன்னர், அவர்கள் பெரிய கூட்டம் ஒன்று வைப்பார்கள். உள் அலங்காரத்துக்கு ஒரு கிண்ணமும் உண்டு. அது தனக்குத்தான் என்று இவர் வீட்டுக்குள் பாடிக்கொண்டு திரிந்தார். நான் அந்த வாரம் வியாழனும் வெள்ளியும் பக்டரிக்குச் சுகமில்லை என்று சொன்னேன். அவர் வேலைக்குப் போனதும் கராஜுக்குள் போய் வளையங்களை வெட்டி, மூன்று உறைகளையும் கழற்றிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். நல்ல பகல் வெளிச்சம். தேத்தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு பிரித்தேன். அவசரப்படவில்லை. ஒரு துண்டுகூடக் கிழியாமல், ஒரு கீறல்கூட விழாமல், ஒவ்வொரு நூலாக இழுத்தேன். அந்த இரண்டு நாளும் எனக்கிருந்த சந்தோஷத்தை என்னால் சொல்லி முடிக்க முடியாது. வெள்ளி மாலை துண்டுகளை இலக்கப்படி அடுக்கி, கட்டி, சாரதி இருக்கும் இடத்தில் வெறும் ஸ்பொஞ்சின்மேல் வைத்தேன்.

வந்து பார்த்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உமக்கென்ன விசரே?”

“லவால் கடைக்காரனிட்டைக் குடுங்கோ. அவன் தைச்சதுதானே, திருப்பித் தைப்பான்.”

முகம் செத்துப்போனது. பொதியை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, “மனிசி தைச்சதெண்டா வீட்டு வேலையெண்டு நினைப்பாங்கள்” என்றார். சனிக்கிழமை முழுக்க என் பின்னால் திரிந்தார். “இப்ப தைச்சுத் தாரும், பேந்து எல்லாருக்கும் சொல்லுறன்.”

“முதல் சொல்லுங்கோ. பேந்து தைக்கிறன்.”

“நீர்தான் தைச்சனீரெண்டு எனக்குத் தெரியும்தானே.”

“எனக்கும் தெரியும். தெரியாதவைக்குத்தான் சொல்லச் சொல்லுறன்.”

அவர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் கராஜைவிட்டு வெளியே வரவில்லை, கிண்ணம் வேறு யாருக்கோ போனது. அடுத்த வாரம் ரெலிபோன் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு லவாலில் உண்மையாகவே சீட் தைக்கிற கடை ஒன்றைத் தேடிப் பிடித்தார். ஆனால் அங்கே பிரெஞ்சுதான். துறைமுகத்து ஆங்கிலத்தோடு இவர் காலத்தை ஓட்டியவர். பக்டரியில் பிரெஞ்சு பழகியவள் நான். கதைக்க என்னைத்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. நல்ல சேலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் விரல்களில் பசை காய்ந்த ஒரு பருத்த மனிதர். பொதியை அவிழ்த்து ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். துளைகளை விரலால் தடவிக்கொண்டு போனார். பிறகு இரண்டாவது துண்டு, மூன்றாவது துண்டு. என்னைப் பார்த்துக் கேட்டார். நான் திரும்பி என் கணவரைப் பார்த்தேன்.

“தான் இதைத் தைக்கமாட்டாராம். வேறை கை தொட்டால் பழுதாப்போயிடுமாம். இவ்வளவு நேராத் தைச்சது ஆரெண்டு கேக்கிறார்.”

என் கணவர் நிலத்தைப் பார்த்தார். “நீரே சொல்லும்.”

“எனக்கென்ன தெரியும்? நீங்கள் சொல்லுறதைத்தான் நான் சொல்லுவன்.”

கடைக்காரர் காத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு மெஷின் ஓடி ஓய்ந்தது. என் கணவரின் கழுத்து சிவந்துகொண்டு வந்ததை நான் கண் எடுக்காமல் பார்த்தேன்.

“என்ரை மனிசி” என்றார்.

“கேக்கேல்லை.”

“என்ரை மனிசிதான் தைச்சவ.”

அதை ஒரு சொல் குறையாமல் பிரெஞ்சில் சொன்னேன். கடைக்காரர் துண்டைக் கீழே வைத்துவிட்டு என் கைகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் நிறையப் பேசினார்.

“என்னவாம்?” என்றார் கணவர்.

“உங்களுக்கில்லை. என்னோடை கதைக்கிறார்.”

இரண்டு வாரத்தில் பக்டரியை விட்டுவிட்டு, கடைக்காரர் கேட்டபடி அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். துண்டுப் பொதியும் என்னோடு வந்தது. புது முதலாளி அதில் ஓர் அட்டை கட்டி, வரிசையில் கடைசியாகத் தட்டில் வைத்தார். எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதைச் சீக்கிரமே என் பொறுப்பில் விட்டுவிட்டார். ரெலிபோன் எடுத்த பொடியனின் சீட்டை மாசிக்குள் முடித்துக் கொடுத்தேன். கார் கூட்டத்தில் யார் தைத்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் என் பெயரைச் சொன்னானாம். அவர்களும் வந்தார்கள். வந்தவர்களையெல்லாம் முன்னுக்கு எடுத்தேன்.

வீட்டில் சோறு போடும்போது கணவர் கேட்பார். “எங்கடை முறை வந்திட்டுதே?”

“இன்னும் இல்லை.”

சித்திரை போனது, ஆனி போனது. ஞாயிறுகளில் அவர் வெறும் ஸ்பொஞ்சில் துவாயை விரித்து இருந்து கூட்டத்துக்குப் போய்வந்தார். பாவம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஆவணியில் முதலாளி தட்டைத் துப்புரவாக்கும்போது அந்தப் பொதியைத் தூக்கிக் காட்டி, உன் கணவருடையது ஏன் இன்னும் இங்கே கிடக்கிறது என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் அவசரமில்லை என்றேன்.