தொண்ணூற்று நான்கு வினாடி

எக்ஸ்ரே அக்கா என்று சொன்னால்தான் அந்த ஆஸ்பத்திரியில் ஆளைத் தெரியும். அவளைவிடப் பத்து வயது மூத்த டாக்டர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார், என்ன செய்ய. இருபத்திரண்டு வருஷமாக ஒரே வேலை, ஒரே வசனம்: "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க. ம், இப்ப விடலாம்." காலை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வீடு வந்தால் நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். நாற்பத்தாறு வயசில் வீடியோ கேமா என்று கேட்டவர்கள் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆறு வருஷமாக ஒரே கேம், ஒரே ஆள்: வில்லும் மருந்துப் பையுமாக ஊர் ஊராகத் திரியும் ஒரு வைத்தியச்சி. ஆடுகிறவர்களே எழுதி அதில் சேர்க்கும் துண்டுகளுக்கு மாட் என்று பெயர். புது ஊர், புது மழை, புது நாய் என்று எதுவும் சேர்க்கலாம். அக்கா சேர்த்திருந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு. அதில் ஒன்று அவள் தம்பி எழுதியது. கப்பலில் என்ஜின் பார்க்கிறவன். கரை காணாத மாதங்களில் உட்கார்ந்து, தன் குரலையே பதிவு செய்து, வைத்தியச்சிக்குத் துணையாக ஓர் ஆளைச் செய்து அனுப்பினான். "மெதுவா போக்கா, எனக்கு மூச்சு வாங்குது" என்று புலம்பிக்கொண்டே அது பின்னால் வரும். அப்பா படுத்த படுக்கையானபோது கட்டிலை அந்த அறையிலேயே போட்டார்கள். "அங்க ஒரு மரம் நடு, இங்க ஒண்ணு" என்று அவர் சொல்லச் சொல்ல, கேமில் தன் வீட்டைச் சுற்றி நாற்பது மரம் நட்டாள்.

அந்தக் கேம்தான் இப்போது சேவ் ஆக மாட்டேன் என்று அடம்பிடித்தது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்த வேலை, இரண்டு வருஷத்தில் நீண்டு நீண்டு தொண்ணூற்று நான்கு வினாடியில் வந்து நின்றது. அந்தத் தெருவிலோ மத்தியானம் கரண்ட் எப்போது போகும் என்று கரண்ட் ஆபீசுக்கே தெரியாது. யூ.பி.எஸ் பழசு, கீ கீ என்று கத்திக்கொண்டு சரியாக ஒரு நிமிஷம் தாங்கும். பாதி சேவில் அணைந்தால் அன்றைய ஃபைல் குப்பை. போன மாதம் மட்டும் மூன்று தடவை அப்படிப் போனது. பென் டிரைவில் காப்பி இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அதைத் திறந்து மரங்களைப் பார்க்கலாம், மேலே ஆடினால் மறுபடி அதே தொண்ணூற்று நான்கு வினாடி. ஃபைல் இன்னும் கொஞ்சம் வீங்கினால் திறக்கவே திறக்காது என்று விஷயம் தெரிந்தவர்கள் எழுதியிருந்தார்கள். அப்பாவின் மரங்கள் அதற்குள்தான் இருந்தன. அவளுக்கு ராத்தூக்கம் போயிற்று.

சும்மா இருக்கிற ஆளா அவள்? படங்களின் கனத்தைக் குறைத்தாள். தானாகச் சேவ் ஆவதை நிறுத்தினாள். தரையில் கிடக்கிற ஒவ்வொரு சாமானையும் கேம் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்பதால், காடு மேடெல்லாம் அலைந்து கத்தி, கேடயம், ஓட்டைப் பானை வரை பொறுக்கினாள். இத்தனைக்கும் குறைந்தது மூன்று வினாடி. கடைசியில், கேம் தன் பிழைகளை எழுதி வைக்கும் லாக் ஃபைலைத் திறந்தாள். ஐந்து வினாடிக்கு ஒன்றாக லட்சக்கணக்கில் ஒரே வரி: "அக்காகிட்ட போக முடியல. மறுபடி பாக்கறேன்."

தம்பி எழுதிய வரி அது.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பாவின் கடைசி நாட்களில் "வாடா, உடனே வா" என்று தம்பிக்கு மெசேஜ் அனுப்பிக் கெஞ்சினாள். அவன் நடுக்கடலில் இருந்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் அவனிடமிருந்து போன் வந்தது. "எனக்குத் தம்பியே இல்லைன்னு நெனச்சுக்கறேன்" என்று வைத்தாள். வைத்த கையோடு அவன் மாடை அழித்தாள். ஆட்டத்தின் நடுவில் மாடைப் பிடுங்கக் கூடாது என்பது கேம் ஆடுகிற கூட்டத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாதா? கோபம் கண்ணை மறைத்துவிட்டது. அந்த ஆளின் ஃபைல் போயிற்று. ஆளை அக்காவிடம் கூட்டிவரும் குட்டி ஃபைல் வேறொரு ஃபோல்டரில் தங்கிவிட்டது. அது இல்லாத ஆளைத் தேடித் தேடி, ஒவ்வொரு தோல்வியையும் சேவுக்குள்ளேயே அடுக்கிக்கொண்டிருந்தது. காப்பியில் அதையும் அழித்துப் பார்த்தாள். கேம் திறக்கவில்லை. ஆளைத் திரும்ப வைத்தால்தான் தீரும், ஆள் தம்பியிடம்தான் இருக்கிறான்.

இரண்டு நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தாள். கடைசியில் லாகை அனுப்பி, "உன் மாட் எப்படியோ காணாம போச்சு. மறுபடி வேணும்" என்று மட்டும் எழுதினாள். பொய்தான். வேறெப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவனே கூப்பிட்டான். "நாலு மணிக்கு கப்பல் கெளம்புது. அப்புறம் மூணு மாசம் சிக்னல் கிடையாது. ஃபைல் அனுப்பிட்டேன், போடு." எப்படி இருக்கிறாய் என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

மூன்று பத்துக்கு அதைப் போட்டுக் கேமைத் திறந்தாள். மரத்தடியில் அந்த ஆள் நின்றான். திரையின் மூலையில், சேவுக்குள் அடுக்கிய தோல்விகளில் அவன் தீர்க்க வேண்டிய பாக்கி: நாலு லட்சம். ஏழு நிமிஷத்துக்கு ஒரு லட்சமாகக் குறைந்தது.

"பூஜ்யம் வர்றதுக்கு முன்னாடி சேவ் பண்ணிடாத. மரமெல்லாம் சேர்ந்து போயிடும்" என்றான் தம்பி போனில்.

"சரி."

இருபத்தேழு நிமிஷத்தில் இருவரும் பேசியது அவ்வளவுதான். ஒன்பதாயிரம் பாக்கி இருக்கும்போது ஃபேன் நின்றது. யூ.பி.எஸ் கத்த ஆரம்பித்தது.

"என்னக்கா சத்தம்?"

"கரண்ட் போச்சுடா. ஒரு நிமிஷம்தான் தாங்கும்."

"தொடாத. ஓடட்டும்."

ஐயாயிரம். இரண்டாயிரம். பூஜ்யம் வந்தபோது முப்பத்தெட்டு வினாடி போயிருந்தது.

"இப்ப பண்ணு" என்றான்.

அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. இருபத்திரண்டு வினாடிக்குள் முடியாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து; அதற்குள் கப்பலும் போய்விடும். போனில் என்ஜின் இரைச்சலுக்கு நடுவே தம்பி எண்ணிக்கொண்டிருந்தான். பதினொன்றில் வட்டம் நின்றது. சேவ் ஆனது என்று எழுத்து வந்தது. கொஞ்ச நேரத்தில் திரை அணைந்து, கத்தலும் நின்றது.

"ஆச்சா?"

"ஆச்சு." அதோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. "டேய், அது தானா காணாம போகல. நான்தான் அழிச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"லாக்ல மொத வரியில தேதியும் நேரமும் இருக்கேக்கா. அன்னைக்கு நீ போனை வெச்சு பத்து நிமிஷம்கூட ஆகல."

தெரிந்துதான் அனுப்பியிருக்கிறான். தெரிந்துதான் இவ்வளவு நேரம் கூட இருந்திருக்கிறான். அவள் மூச்சைப் பிடித்தபடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா? இருக்கியா?" என்றான். பிறகு அவள் நாள் முழுக்க ஊராருக்குச் சொல்கிறதை அவளுக்கே சொன்னான். "மூச்சை விடுக்கா. இப்ப விடலாம்."

விட்டாள். அது அழுகையாகத்தான் வந்தது. நாலு மணிக்குச் சிக்னல் அறுந்து போகிறவரை இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.