அட்ஜஸ்ட்: எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு?

போன ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் குடும்பம். காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே மாப்பிள்ளையின் அம்மா ஆரம்பித்துவிட்டார்.

"எங்க ஊட்ல ஒரு கட்டுப்பாடும் இல்ல அம்மணி. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டாப் போதும்."

இந்த வார்த்தை மேல் எனக்குப் பல நாள் சந்தேகம்.

பஸ்ஸில் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்றால், பாதி சீட் போச்சு. டெய்லர் சொன்னால், ஜாக்கெட்டை அளவு தப்பித் தைத்துவிட்டார். வீட்டுக்காரர் சொன்னால், இன்றைக்குத் தண்ணீர் கிடையாது. அர்த்தம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால், சொன்னவர் ஒரு அங்குலமாவது நகர்ந்து பார்த்திருக்கிறீர்களா?

பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில், டெஸ்டிங் பிரிவில் எனக்கு வேலை. அங்கே ஒரு ஸ்க்ரூவைத் திருகுவதானால், முதலில் அது இருந்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட வேண்டும். பிறகு ரிஜிஸ்டரில் நாலு கட்டம்: பழைய அளவு, புதிய அளவு, காரணம், கையெழுத்து.

பழக்க தோஷம்... கேட்டுவிட்டேன்.

"எதைங்க அத்தை? எவ்வளவுல இருந்து எவ்வளவுக்குங்க?"

"அடக் கண்ணு, இதையெல்லாம் டேப்பு வெச்சா அளப்பாங்க?" என்று சிரித்தார். "இந்த வேலைக்குப் போறதைத்தான்... சும்மா."

ஆக, 'கொஞ்சம்' என்பது என் முழு வேலை!

என் அம்மா என்னை முறைத்தாள். அதுவரை மிக்சரையே பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிமிர்ந்தார்.

"வேலையை உட வேண்டாமுங்க. காலைல நானே வண்டில கொண்டாந்து உட்டுப்போட்டுப் போறேன்."

"அப்ப தறியை ஆருடா பாக்கறது?" என்றார் அவர் அம்மா.

"தினமுமாங்க?" என்றேன் நான்.

"தினமுந்தானுங்க." ஒரு நொடி யோசித்தார். "மழை வந்தா மட்டும்... கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோணும்."

அவர்கள் போனதும் நோட்டை எடுத்து நாலு கட்டம் போட்டேன். பழைய அளவு: வேலை உண்டு. புதிய அளவு: வேலை உண்டு, மழை நாள் நீங்கலாக. காரணம்: கல்யாணம்.

"நல்ல பையன், சரின்னு சொல்லிரு" என்கிறாள் அம்மா. நல்லவர்தான்; எனக்கும் பிடித்திருக்கிறது. அதனால்தான் தரகரிடம் ஒன்றே ஒன்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன்... வருஷத்துக்கு எத்தனை மழை நாள்?

பதில் வரும்வரை நாலாவது கட்டம் காலி.