இடது பின்கதவு

தர்மபுரி தனி மாவட்டமான வருஷம் பொம்மிடிக்கு இரண்டு பெருமைகள் வந்து சேர்ந்தன. ஒன்று அந்த மாவட்டம். அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மற்றொன்று கடலை எண்ணெய் மில் முதலாளி பச்சியப்பன் வாங்கிவந்த கறுப்பு அம்பாசிடர். அது ரயில்வே ஸ்டேஷனில் நின்று பார்த்தாலே தெரிந்தது. அப்படித் தெரியவைக்கும் பொறுப்பு டிரைவர் சவரிமுத்துவுடையது. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை.

டிரைவர் என்பது சம்பளத்துக்காக வைத்த பெயர். வண்டி ஓடினால் புழுதி படியும், புழுதியைத் துடைத்தால் கீறல் விழும், ஆகவே வண்டி ஓடாமலிருப்பதே பெயின்டுக்கு நல்லது என்று சவரிமுத்து ஒருநாள் முதலாளிக்கு விளக்கினார். அன்றிலிருந்து முதலாளி தர்மபுரிக்கு பஸ்ஸில் போய்வந்தார். பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, "வூட்டுல காரு இருக்குதுங்க" என்று பக்கத்து ஆளிடம் சொல்வதில், காரில் போவதைவிடக் கூடுதல் சுகம் இருப்பதை அவரும் கண்டுகொண்டார்.

முதல் ஆயுத பூஜையன்று ஒரு விபரீதம் நடந்தது. முதலாளியின் மனைவி நஞ்சம்மாள், பொங்கலுக்கு எருமைக்குச் செய்வதையே காருக்கும் செய்துவிட்டார். தலையிலிருந்து வால்வரை ஒரு படி கடலை எண்ணெய். ஒரு மணி நேரம் வண்டி ஜொலித்தது. பிறகு மில்லிலிருந்து பறந்த கடலைத் தோலெல்லாம் வந்து ஒட்டி, அம்பாசிடர் செம்மறி ஆடாகிவிட்டது.

"என்னாங்கம்மா இப்படிப் பண்ணிட்டீங்க!"

"ஏப்பா சவுரி, எருமைக்குத் தேச்சா எப்படி மின்னுது! இதுவுங் கறுப்புதான?"

"எருமைக்குத் தோலுங்கம்மா. இதுக்கு பெயின்டுங்க."

"எருமையாச்சும் பாலு கறக்குது. இது என்னாத்தக் கறக்குது?"

சவரிமுத்து வாளியைத் தேடிப் போனார். மூன்று நாள் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, இனி அந்த வண்டியை வேறு எந்தக் கையும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டார். முதலாளிக்கும் அது பொருந்தும். கதவைத் திறக்க வேண்டுமென்றால் சவரிமுத்துவைக் கூப்பிட வேண்டும்.

மற்றச் சட்டங்களும் ஒவ்வொன்றாகப் பிறந்தன. உலர்ந்த தூசியைத் துணியால் தொடுவது கொலைக்குச் சமம். முதலில் கூரையிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும், மணல் தானாக இறங்கிப் போக வேண்டும். துணி, பத்து வருஷம் துவைத்த வேட்டியாக இருக்க வேண்டும். அதிலும் கரையைக் கிழித்து எறிந்துவிட வேண்டும். கை தவறிக் கீழே விழுந்த துணி, விழுந்ததுதான். அது போய் அடுப்படியில் பிழைத்துக்கொள்ளட்டும். காக்கை எச்சமிட்டால் சுரண்டக்கூடாது, ஈரத்துணியை மேலே போட்டு, அது ஊறி மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டும். சூடேறிய தகட்டில் மெழுகு போடக்கூடாது. வட்டம் வட்டமாகத் தேய்க்கக்கூடாது. வெள்ளைக் காரில் வட்டம் தெரியாது. கறுப்புக் காரில் வெயில் பட்டதும் சிலந்தி வலை தெரியும்.

மெழுகை அவரே காய்ச்சினார். சித்தேரி மலையிலிருந்து சந்தைக்குத் தேன் கொண்டுவருகிறவர்களிடம் தேன்மெழுகு வாங்கி, வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, அடுப்பைவிட்டுத் தள்ளிவந்து டர்பன்டைன் கலந்து, வெண்ணெய்ப் பதத்தில் டப்பாவில் அடைத்தார். காம்பவுண்ட் என்ற மாவுப் பசையைப் பற்றி மட்டும் கடுமையாகப் பேசுவார். "மெழுகு பெயின்ட்டு மேல குந்தும். காம்பவுண்டு பெயின்ட்டத் தின்னும். வருசத்துக்கு ஒருக்காதான் அதைத் தொடணும்." கேட்டவர்களில் ஒருவரிடமும் கார் கிடையாது. ஆனாலும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் தன் சட்டத்தைத் தானே மீறியதற்குக் காரணம், ரோசம்மாள் என்ற தையல் டீச்சர்.

அறுபத்தேழில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தார் அவர். மாதா கோயிலை ஒட்டிய விடுதியில் தங்கினார். தினமும் காலை எட்டே முக்காலுக்கு மில்லைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். மில்லின் தகரக் கொட்டகையில், இடது பக்கத்தை ரோட்டுக்குக் காட்டி அம்பாசிடர் நிற்கும். சவரிமுத்து ரோட்டுக்கு முதுகைக் காட்டி முன்சக்கரத்தருகே குந்தியிருப்பார்.

முதல் நாளே அது நடந்தது. துடைத்து முடித்திருந்த பின்கதவில் ஒரு நீலப் புடவை வந்து நின்றது. ஒரு முகம் குனிந்தது. காதோர முடியை ஒதுக்கியது. சற்றே சிரித்தது. போய்விட்டது. ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லி முடிக்கும் நேரம்கூட இல்லை.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. சிரிப்பு தனக்கா கதவுக்கா என்பது சவரிமுத்துவுக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் விளங்கிவிடும். ஒரு டிரைவர் திரும்பிப் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் நாட்டிலும் இல்லை, திருச்சபையிலும் இல்லை. அவருடைய கழுத்தில் மட்டும் இருந்தது. திரும்பிப் பார்த்து, அது தனக்கில்லை என்று தெரிந்துவிட்டால் அடுத்த நாள் எட்டே முக்காலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மனசாட்சி உறுத்தி, கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிப் பார்த்தார்.

"சாமி, நான் தெனமும் ஒரு கதவப் பாக்குறேங்க."

"கதவப் பாக்குறது பாவமில்லப்பா. தொறந்துக்கிட்டு உள்ள போனியா?"

"பூட்டித்தான் வெச்சிருக்கறேங்க சாமி."

"அப்புறம் என்னா? மூணு பரலோக மந்திரம் சொல்லிட்டுப் போ."

கதவுக்கு இப்படித் திருச்சபையின் அங்கீகாரமும் கிடைத்தது.

அதன்பின் ஆறு வருஷம் அந்தக் கதவு வாழ்ந்த வாழ்வை ஜில்லா கலெக்டர் கார்கூட வாழ்ந்திருக்காது. மற்ற மூன்று கதவுகளுக்கும் மாதம் ஒரு மெழுகு. இடது பின்கதவுக்கு வாரம் ஒன்று. ஆனால் மெழுகு மேலே மேலே ஏறினால் பிம்பம் மங்கும். மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை முகம் பனிமூட்டத்துக்குள் இருந்ததுபோல் தெரிந்தது. சவரிமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, காம்பவுண்ட் டப்பாவைத் திறந்தார். கொஞ்சமே கொஞ்சம். திங்கட்கிழமை டீச்சரின் இமைமுடிகூடத் தெரிந்தது. அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் கொஞ்சமே கொஞ்சம்தான்.

எழுபத்து மூன்று, பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. எட்டே முக்கால். நீலப் புடவை வந்து நின்றது. முகம் குனிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில், மாதுளம்பழ அளவுக்கு ஒரு செந்நிற வட்டம்.

சவரிமுத்து துணியால் ஒற்றினார். போகவில்லை. அது அழுக்கில்லை, அடிப்பூச்சு. கறுப்பு முழுவதையும் ஆறு வருஷமாக அவரே துடைத்து எடுத்துவிட்டிருந்தார். துணி கையிலிருந்து விழுந்தது. விழுந்த துணியையே அவர் மறுபடி எடுத்ததே, நிலைமையின் தீவிரத்தைச் சொல்லும்.

"அய்யய்யோ, என்னாங்க ஆச்சு?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

ஆறு வருஷத்தில் முதல்முறையாகச் சவரிமுத்து திரும்பினார். அங்கே வேறு யாரோ நின்றார்கள்.

அம்பாசிடர் கதவு வளைவானது. முகத்தைக் கொஞ்சம் அகலமாக்கி, ஆளைக் கொஞ்சம் குட்டையாக்கிக் காட்டும். சவரிமுத்துவின் மனத்தில் குடியிருந்தவர் உருண்டைக் கன்னமும் பூரித்த தோளுமாக இருந்தவர். எதிரே நின்றவரோ நெடுநெடுவென்று, கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, கையில் தையல் பையோடு இருந்தார். புடவை மட்டும்தான் அதே நீலம். சவரிமுத்து பயந்துபோய் மறுபடி கதவைப் பார்த்தார். அங்கே சிவப்பு வட்டம்தான் இருந்தது.

"தேஞ்சிடுச்சுங்க டீச்சர்" என்றார்.

"மொகம் பாக்க இருந்தது இது ஒண்ணுதாங்க. விடுதியில கண்ணாடி வெக்கக் கூடாதுன்னு மதர் சொல்லிட்டாங்க." டீச்சர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "அது மட்டுமில்லீங்க. எல்லாக் கண்ணாடியிலயும் நான் குச்சியாட்டந்தான் தெரிவேன். இதுலதான் நல்லா சதப்பத்தா இருப்பேன். வூட்டுல சோறு தின்னு வளந்த பொண்ணாட்டம்."

சிரிப்பு கதவுக்குத்தான் என்பது தெரிந்துவிட்டது. சவரிமுத்து ஆறு வருஷமாக எதற்குப் பயந்தாரோ அதுவே நடந்துவிட்டது. ஆனால் விசித்திரம், அது ஒன்றும் வலிக்கவில்லை. ஒட்டிய கன்னத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் நன்றாக இருந்தது. அதுதான் வலித்தது.

"பெயின்ட்டு அடிச்சிடலாங்க. பழையபடி ஆயிரும்" என்றார் அவசரமாக.

"எப்பங்க ஆகும்? மே மாசத்தோட என்னைக் கோயமுத்தூரு பக்கம் மாத்திட்டாங்க."

முதலாளி கதவைப் பார்த்தார். "என்னா சவுரி, கதவுக்கு அம்மை போட்டுருச்சா?" என்று மட்டும் கேட்டார். வீட்டில் கார் இருந்தால் போதும், கதவு எந்த நிறத்தில் இருந்தாலும் பஸ்ஸில் அது தெரியப்போவதில்லை.

சேலத்தில் பெயின்டர் மாரியப்பன் கதவைச் சுரண்டி, புதுக் கறுப்பு அடித்தார். சவரிமுத்து பக்கத்திலேயே நின்று, கடையில் கிடந்த பழைய மட்கார்டுத் தகட்டிலிருந்து சாப்பாட்டுத் தட்டளவு ஒரு துண்டை வெட்டச் சொன்னார். கதவின் வளைவு அதிலும் இருக்கிறதா என்று மூன்றுமுறை குனிந்து பார்த்தார். அதற்கும் அதே கறுப்பை அடிக்கச் சொன்னார்.

"இது எந்த வண்டிக்குங்க?"

"இது ஓடாத வண்டிக்கு. நீ அடிப்பா."

"அடிக்கிறேன். ஆனா ஒண்ணு. மூணு மாசத்துக்கு மெழுகுங்கற பேச்சே எடுக்கக்கூடாது. பெயின்ட்டு உள்ளயிருந்து காயணும். முன்னாடியே மூடிட்டீங்கன்னா பாழாப் போயிரும்."

தொண்ணூறு நாள். சவரிமுத்து தகரக் கொட்டகைத் தூணில் கரிக்கோடு போட்டு எண்ணினார். டீச்சர் இப்போது நின்று, நேராகவே கேட்டார்.

"ஆச்சுங்களா?"

"இன்னும் அறுவத்தொரு நாளுங்க டீச்சர்."

"ஆச்சுங்களா?"

"நாப்பது."

இருவருக்குமிடையே நடந்த பேச்சுவார்த்தை மொத்தமும் இதுதான். காதலர்கள் நாள் எண்ணுவது உலக வழக்கம். பெயின்ட் காய்வதற்கு எண்ணியவர்கள் பொம்மிடியில் இவர்கள் மட்டும்தான். அதில் ஒருவருக்குத் தான் எண்ணுவது எதற்கென்று தெரியும். மற்றவருக்குத் தெரியுமா என்பதைத்தான் சவரிமுத்து கேட்க வேண்டியிருந்தது. தொண்ணூறாம் நாள் மெழுகு பூசி, தகட்டைக் கையில் கொடுத்து, கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். கேட்க வேண்டிய வாக்கியத்தையும் தயார் செய்துவிட்டார். ஆறு சொற்கள்தான்.

எண்பத்தெட்டாம் நாள் டீச்சர் கிளம்பிவிட்டார்.

சேலம் போகும் பாசஞ்சர் பொம்மிடியில் இரண்டு நிமிஷம் நிற்கும். சவரிமுத்து வெள்ளைச் சட்டை போட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றிய தகட்டையும் ஒரு டப்பா மெழுகையும் தூக்கிக்கொண்டு ஓடினார். டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இரண்டையும் ஜன்னல் வழியே வாங்கி, துணியைப் பிரித்தார். மெழுகு படாத கறுப்பிலும் உருண்டைக் கன்னத்தோடு ஒரு முகம் எழுந்து வந்தது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் தலை நிமிர்ந்து சவரிமுத்துவைப் பார்த்தார்.

இதுதான் அந்த ஆறு சொற்களுக்கான நேரம்.

"மெழுகு இன்னிக்குப் போட்றாதீங்க டீச்சர்" என்றார் சவரிமுத்து. "இன்னும் ரெண்டு நாளு பாக்கியிருக்குது. செவ்வாய்க்கெழம போடுங்க."

"சரிங்க."

"வட்டமாத் தேய்க்காதீங்க. நேரா, ஒரே பக்கமா. தூசி இருந்தா மொதல்ல தண்ணி ஊத்துங்க. வெயில்ல வெக்காதீங்க. துணி கீழ விழுந்திருச்சின்னா..."

"வேற துணி எடுத்துக்கறேன்."

"ஆமாங்க. காம்பவுண்டு மட்டும் வாங்கவே வாங்காதீங்க."

கார்டு விசில் ஊதினார். டீச்சர் மெழுகு டப்பாவைத் திறந்து, மோந்து பார்த்து, மூடினார். வண்டி நகர்ந்தது. சவரிமுத்து கூடவே நடந்தார்.

"இந்த மெழுகு தீந்துபோச்சுன்னா நான் என்னாங்க பண்றது?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார் டீச்சர். கேட்ட குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"கோயமுத்தூருல பெரிய கடையில கேளுங்க டீச்சர், டப்பாவுலயே கெடைக்கும்!" என்று சவரிமுத்து தொழில் நேர்மையோடு கத்தினார்.

டீச்சர் ஏதோ சொன்னார். என்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. கடைசிப் பெட்டியும் தாண்டி, தண்டவாளம் காலியானபிறகுதான், டீச்சர் கேட்டது மெழுகைப் பற்றி இல்லையோ என்ற சந்தேகம் சவரிமுத்துவுக்கு வந்தது. அவர் பிளாட்பாரத்திலேயே நின்றார். ஆறு சொற்களும் பத்திரமாக வாய்க்குள்ளேயே இருந்தன.

செவ்வாய்க்கிழமை காலை இடது பின்கதவுக்கு மெழுகு பூசினார். நேராக, ஒரே பக்கமாக. எட்டே முக்காலுக்குக் கதவு கண்ணாடியாக இருந்தது. அதில் ரோடு தெரிந்தது, எதிர்ச் சுவர் தெரிந்தது, குந்தியிருக்கும் ஒரு ஆள், நிஜத்தைவிடக் கொஞ்சம் குண்டாகத் தெரிந்தார்.

அடுத்த சந்தையில் தேன்மெழுகு வழக்கத்தைவிட அதிகமாக வாங்கினார்.

"என்னா டிரைவரே, மொதலாளி ரெண்டாவது காரு வாங்கிட்டாரா?" என்று மலைக்காரர் கேட்டார்.

"ஒரே காருதாம்பா."

அன்றிலிருந்து மாதாமாதம் இரண்டு டப்பா காய்ச்சினார். ஒன்று காருக்கு.