சுக்குக் கிடங்கில் காய்ந்த மின்னூட்டம்

மழைக்காலம் பிறந்தால் எங்கள் மட்டாஞ்சேரி வீட்டில் உடுத்தும் துணிகூடச் சுக்கு மணக்கும்; கீழே இருந்த அத்தாவின் கிடங்கில் சரக்கில் பூசணம் பூக்காமலிருக்க எந்நேரமும் "தணல் சட்டி" கனன்றுகொண்டிருக்கும். அந்தக் கதகதப்பில்தான் நானும் ஷாஹினாவும் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒத்திகை பார்த்தோம். ஷாஹினா என் இரட்டைப் பிறவி. பத்து நிமிஷம் மூத்தவள், அதைப் பட்டம்போலச் சொல்லிக்காட்டுபவள்.

வெள்ளித்தாள் சுற்றிய இரண்டு தெர்மாக்கோல் உருண்டைகளை நூலில் தொங்கவிட்டு, தலைமுடியில் தேய்த்த பிளாஸ்டிக் ஸ்கேலால் தொட்டால், இரண்டிலும் ஒரே வகை மின்னூட்டம் ஏறி விலகி நிற்கும். ஸ்ட்ராவால் நெருக்கித் தள்ளிப் பிடித்து, பிறகு விட்டால் பிய்த்துக்கொண்டு ஓடும். இதற்கு உருண்டை எதற்கு, உங்கள் இருவரையும் ஒரே கட்டிலில் படுக்கவைத்தால் போதுமே என்றாள் அம்மா.

முதல் பரிசு, களமசேரிப் பல்கலைக்கழகத்தில் மூன்று நாள் முகாம். விளக்கம் சொல்கிறவள் மட்டுமே போகலாம் என்று டீச்சர் சொன்ன அன்றே எங்கள் பேச்சு நின்றது. சீட்டுக் குலுக்கியதில் விளக்கம் எனக்கு விழுந்தது.

கண்காட்சியன்று கொட்டோ கொட்டென்று மழை. தேய்த்துத் தேய்த்து என் முடி கொட்டியதுதான் மிச்சம், உருண்டைகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து தூங்கின. ஈரக் காற்றில் மின்னூட்டம் நிற்காது என்று எங்களுக்கென்ன தெரியும். வீட்டில் சுக்குக்கு மூட்டிய தணலல்லவா எங்கள் அறிவியலையும் காய வைத்திருக்கிறது! ஷாஹினாவுக்குத்தான் அது உறைத்தது. மழையில் வீட்டுக்கு ஓடியவள், குடையைத் தணல் சட்டிக்குப் பிடித்துக்கொண்டு, தான் சொட்டச் சொட்ட நனைந்து வந்து, அதை மேஜைக்கடியில் வைத்தாள்.

"இனி தேய்டீ" என்றாள், மூன்று நாளுக்குப் பிறகு.

உருண்டைகள் விலகின. நடுவர் சுக்கு நெடியில் இரண்டு தும்மல் போட்டுவிட்டு, ஸ்ட்ராவை எடுத்ததும் இவை ஓடுகின்றனவே, அந்த ஓட்டம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. ஷாஹினாவைப் பார்த்தேன், பாவாடையைப் பிழிந்துகொண்டு பல் தந்தியடிக்க நின்றாள். தொண்டை கட்டிக்கொண்டதுபோலக் கழுத்தைத் தொட்டு, இவள் சொல்வாள் என்று ஜாடை காட்டிவிட்டேன். நெருக்கித் தள்ளும்போது நாம் செய்யும் வேலை வீணாவதில்லை, நிலை ஆற்றலாக உள்ளே கிடக்கிறது, விட்டதும் ஓட்டமாக மாறுகிறது என்று மலையாளத்தில் மளமளவென்று சொன்னாள். பரிசும் கிடைத்தது, முகாமுக்கும் அவளே போனாள். எனக்கு வயிறெரிந்தது, மூன்று நாளும் அழுதேன்.

இப்போது கிடங்கு இருந்த இடத்தில் ஏசி போட்ட காபிக் கடை. சுக்கு வாசம் மருந்துக்கும் இல்லை. ஷாஹினா இடப்பள்ளியில் பௌதிக ஆசிரியை. அன்று நான் பதில் தெரியாமல் முழித்ததாகவும் தான் காப்பாற்றியதாகவும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள், நானும் மறுத்ததில்லை. இங்கே துணிந்து எழுதிவிட்டேன். நான் கல்யாணமாகிக் கோவைக்கு வந்த பிறகு தமிழ் எழுத்துப் படித்தவள்; அவளுக்குத் தமிழ் பேசத்தான் வரும், வாசிக்க வராது.