உடைந்தது ஒரு கழித்தல் குறி

அடுப்பில்லாமல் சமையல்காரர் என்று பெயர் வாங்குவதும், ஆய்வகமில்லாமல் வேதியியல் பேராசிரியை என்று பெயர் வாங்குவதும் ஒன்றுதான். கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் நான் செய்கிற வேலை அதுதான். தாளும் பென்சிலும் ஒரு கம்ப்யூட்டரும் போதும்; மூலக்கூறு எந்த ஒளியை உறிஞ்சும் என்று கணக்குப் போட்டே சொல்லிவிடுவேன். செய்கிற வேலையைச் சொந்தக்காரர்களுக்கு விளக்க முடியாமல் தவிக்கிற சக பாவிகளே, இது உங்களுக்காக.

சுத்தமான பதிவேடு

வருஷக் கடைசியில் சோதனைக் குழு வரும். கண்ணாடிச் சாமான் எவ்வளவு உடைந்தது என்று எழுத ஒவ்வொருவருக்கும் ஒரு பிரேக்கேஜ் ரிஜிஸ்டர் உண்டு. என்னுடையதில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வரிகூடக் கிடையாது. அதைப் பெருமையாக நீட்டினேன். குழுவில் வந்தவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஒரு டெஸ்ட் ட்யூப்கூட உடையலீன்னா, நீங்க வேலையே செய்யலீன்னுதானுங்களே மேடம் அர்த்தம்?”

எட்டாம் நாள்

இந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல். பத்து வருஷமாகக் காத்திருந்தது. நான் உருவாக்கிய சமன்பாடு ஒன்று கட்டுரையாக வந்திருந்தது. என் கோப்பில் முதல் பக்கமே அதுதான். அதை வைத்து என் ஆராய்ச்சி மாணவி தமிழரசி ஒரு பெரிய கணக்கை ஓடவிட்டிருந்தாள். முடிய ஒன்பது நாள் ஆகும். எட்டாம் நாள் காலை போனால் திரை இருட்டாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அட்டெண்டர் மாரிமுத்து அண்ணன் மட்டும் நிம்மதியாக நின்றார்.

“ஆளே இல்லாம பொட்டி ஓடிட்டிருந்துச்சுங்க மேடம். சூட்டுல வெடிச்சுப்போடும்னு நாந்தான் ஆஃப் பண்ணிப்போட்டனுங்க.”

பென்சீன் காப்பாற்றியது

கணக்கை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டோம். சும்மா இருக்க முடியாமல் தமிழரசி என் சமன்பாட்டைக் கையாலேயே போட்டுப் பார்த்தாள். எங்கள் தொழிலில் எதைக் கண்டுபிடித்தாலும் முதலில் பென்சீனில்தான் சோதிப்போம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற மூலக்கூறு, கணக்கு சுலபம். நானும் அப்படித்தான் செய்திருந்தேன். அவள் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிற ஒன்றை எடுத்துப் போட்டாள். விடை கோணலாக வந்தது. கூட்டல் வரவேண்டிய இடத்தில் நான் கழித்தல் போட்டிருந்தேன்.

நேர்காணலுக்கு இரண்டு வாரம் இருந்தது. அவள் தாளை நீட்டியபோது என் கண்ணைப் பார்க்கவில்லை.

“பென்சீன்ல அந்த இடமே பூஜ்யமாயிடுதுங்க மேடம். அதனாலதான் யாருக்கும் தெரியலீங்க.”

கருமத்தம்பட்டி யோசனை

யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்படி நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. என் வீட்டுக்காரர் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறார். சமன்பாடு என்றால் அவருக்குக் கொட்டாவி வரும். இருந்தும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்:

“பாவுல ஒரு இழை மாறிக் கோத்தாச்சுன்னா, நெய்ய நெய்யத் தப்பாத்தான் அம்மணி வரும். தறிய நிறுத்திப்போட்டு இழைய மாத்து.”

மறுநாளே பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன். தமிழரசி பெயரையும் அதில் சேர்த்தேன்.

நேர்காணல்

திருத்தத்தின் நகலைக் கோப்பில் மேலாக வைத்திருந்தேன். தேர்வுக் குழுவில் ஐந்து பேர் கை மாறி அது தலைவரிடம் போனது. திருத்தம் அச்சில் வரும்வரை கட்டுரையைக் கணக்கில் எடுக்க முடியாது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தலைவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார்:

“யாருமே கண்டுபிடிக்கலையேங்க மேடம், நீங்களா எதுக்குங்க சொன்னீங்க?”

அறைக்குத் திரும்பி, பிரேக்கேஜ் ரிஜிஸ்டரை எடுத்து, என் உத்தியோகத்திலேயே முதல் முறையாக ஒரு வரி எழுதினேன்: “கழித்தல் குறி, ஒன்று, உடைத்தவர், நானே.”